ஸ்டாம்புக்கு அடியில்

கேல்,
13 ஜனவரி 2024

அன்புள்ள ஜெஸ்னாவுக்கு,

போனில் என்னோடு பேசமாட்டேன் என்று அப்பா உன்னை வேதபுத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ கண்டுபிடித்தாய். ஒன்பது வருடமாக அந்த ஓட்டை வழியாகத்தான் நமக்குள் பேச்சு. வழக்கம்போல் இதை நெய்யாற்றின்கரைக்கு, நீ வேலை செய்யும் அச்சக முகவரிக்கே அனுப்புகிறேன். அப்பாவுக்கான கவர் தனியாக இன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கிறது.

அதற்காகக் காலையில் ட்ராம் ஏறி ஆற்றைக் கடந்தேன். எங்கள் ஊர் ஜெர்மனி, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராஸ்பூர்க், பிரான்ஸ். நம் களியக்காவிளை எல்லையைத் தாண்டுகிற மாதிரிதான், கடைப் பெயர்ப்பலகைகள் வேறு பாஷைக்கு மாறிவிடும். ஜெர்மன் ஸ்டாம்புகள் வழவழவென்று இருக்கின்றன. பிரான்சில் இன்னும் சிலவற்றை எஃகுத் தகட்டில் ஆள் உட்கார்ந்து கையால் செதுக்கி அச்சிடுகிறார்கள், அப்பா ஆல்பத்துக்கு அந்த மாதிரிதான் கேட்கிறார் என்று நீ எழுதியிருந்தாய். இந்த முறை ஒரு பழைய மடாலயத்தின் உட்கூடம் கிடைத்தது. தூண்களின் நிழல் முழுவதும் மயிரிழைக் கோடுகள். முத்திரையைத் தூண்களின் மேல் குத்திவிடாதே, மூலையில் வை என்று கவுண்டரில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது என்னைத் தெரியும்.

மே மாதம் மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது. நாங்கள் மூவரும் வருகிறோம். பிபின் பூவாரில் அவருடைய அம்மா வீட்டில் தங்குவார், அவரை அப்பா பார்க்க வேண்டாம். நானும் டீனாவும் கொல்லயிலில் நம் வீட்டுக்குள் வர வேண்டும். டீனாவுக்கு ஏழு வயதாகிறது, தாத்தாவை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கட்டியவன் கத்தோலிக்கன், மீன்பிடிக்கிற வீடு, நான் சொல்லாமல் போய்விட்டேன், எல்லாம் சரி. இன்னும் எத்தனை வருடம்?

கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தேன். படித்தாரா? முகம் எப்படி இருந்தது? ஒளிக்காமல் எழுது.

உன் அக்கா
ரெஜிலா


கொல்லயில்,
2 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இதுவரை ஒளித்ததற்குக் காரணம் இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பலாகவும் இருக்கலாம்.

அப்பா உன் கடிதம் ஒன்றையும் படித்ததில்லை. கவரைப் பிரிப்பதே இல்லை. அம்மா அரிசி களைந்த அந்த எவர்சில்வர் பேசினில் தண்ணீர் ஊற்றி, கவரை அப்படியே, உள்ளே கடிதத்தோடு, முக்கிவிடுவார். அரை மணி நேரத்தில் பசை இளகி ஸ்டாம்பு கழன்று மிதக்கும். அதற்குள் உன் நான்கு பக்கமும் நீலத் தண்ணீராகியிருக்கும். அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவது என் வேலை.

கிறிஸ்துமஸ் கவர் வந்த அன்று, "அப்பா, அக்கா உள்ள கடிதம் வச்சிருக்கா" என்றேன்.

"ஸ்டாம்பு வந்திருக்கில்லியா?"

"உண்டு."

"பின்ன என்ன. எனக்கு வேண்டியது வெளியே ஒட்டியிருக்கு."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போதெல்லாம் யார் பேசினாலும் அப்படித்தான், நேராகப் பார்ப்பதில்லை. சுவரிடம் பேசுகிற மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறார். உன் பெயர் வந்தால் இன்னும் அதிகம்.

ஸ்டாம்பை மட்டும் கொஞ்சுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஆல்பத்தைத் திறந்து உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு ஸ்டாம்பும் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய காகிதத்தால் ஒட்டப்பட்டிருக்கும், இலையைப் போலத் தூக்கலாம். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார், பிறகு விரல் நுனியால் தடவுவார். சர்வே இலாகாவில் முப்பது வருடம் கோடு வரைந்தவர் அல்லவா. போன வருடம் ட்ராம் ஓடவில்லை என்று ஒரு ஜெர்மன் ஸ்டாம்பு அனுப்பினாயே, அதைத் தொட்டதும், "இது வழுக்குது. செத்த ஸ்டாம்பு" என்று கீழே போட்டார். பெற்ற பெண்ணைத் தொடாத விரல் எஃகுக் கோட்டில் அத்தனை மெதுவாகப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நீ ஒன்பது வருடம் கணக்குச் சொல்கிறாய். நீ போன மறுவாரம் என்னைத் திருவனந்தபுரம் கல்லூரியிலிருந்து நிறுத்தினார். "ஒருத்தி படிச்சது போதும்" என்றார். அம்மா நோயில் படுத்த நாளிலும் கண்ணை மூடிய நாளிலும் நான்தான் இருந்தேன். நான் இதுவரை எழுதாத கணக்கு அது.

ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டும் ஷாஜி என்று ஒருவர். படகுச் சீட்டு அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார். இரண்டு வருடமாகிறது. ஜூன் மாதம் பதிவுத் திருமணம். உன் கதையேதான், ஊர்கூட மாறவில்லை. இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஜெஸ்னா


கேல்,
20 பிப்ரவரி 2024

ஜெஸ்னா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வார்டின் துணி அறையில் நின்று படித்தேன். பிறகு ஒரு கிழவருக்கு மருந்து கொடுக்கப் போய், அவர் பெயரைச் சொல்லாமல் "அப்பா" என்று கூப்பிட்டேன். அவர் ஜெர்மனில் "என்ன?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பத்துக் கடிதம் இருக்கும். எல்லாம் முருங்கைக்கு. அதை இவ்வளவு அழகாக எழுத உனக்கு மனம் வந்திருக்கிறது.

ஆனால் அழுது முடித்ததும் ஒன்று நினைவு வந்தது. சின்ன வயதில் அப்பாவின் சர்வே நோட்டில் பேனாவால் கிறுக்கியதற்கு என்னை அடித்தார், ஞாபகமிருக்கிறதா? "மழையில மை ஓடும். பென்சில் ஓடாது. வெளியில அளக்கப் போறவன் பென்சிலிலதான் எழுதணும்." அதுதான். இனி உள்ளே ஒன்றும் வைக்கப் போவதில்லை. கவரின் மேல், ஸ்டாம்பு ஒட்டும் இடத்தில், முதலில் பென்சிலால் எழுதி அதன் மேல் ஸ்டாம்பை ஒட்டுவேன். பேசினில் ஸ்டாம்பு கழன்றதும் எழுத்து அவர் கண்ணுக்கு நேரே நிற்கும். முதலாவது இன்றைக்குப் போகிறது, இனி வாரத்துக்கு ஒன்று போகும். அவர் கேட்ட அதே கோடு போட்ட ஸ்டாம்புதான், ஒரு தேவாலய முகப்பு.

ஷாஜி விஷயம். உனக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன், தள்ளி வை. ஒரு வருடம். மே மாதம் நான் வந்து போகிறேன், அப்பா மனம் இளகட்டும், பிறகு நானே பேசுகிறேன். நீயும் பூவாருக்குப் போகிறாய் என்று தெரிந்தால் என் முகத்தில் சாத்திய கதவை அவர் ஆணியடித்து விடுவார். இரண்டு பேருக்கும் வீடு இல்லாமல் போகும்.

ரெஜிலா


கொல்லயில்,
9 மார்ச் 2024

அக்கா,

உன் பென்சில் வந்து சேர்ந்தது.

ஸ்டாம்பு கழன்றதும் நான்தான் முதலில் பார்த்தேன். "அப்பா, மே மாதம் வருகிறேன். டீனாவைப் பார்ப்பீர்களா?" ஒரு பெருவிரல் நகம் அளவு இடத்தில் இத்தனை எழுத முடியும் என்று எனக்குத் தெரியாது. என் அச்சகத்தில் வேலை தேடலாம் நீ.

ஈரக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். "அக்கா எழுதியிருக்கா, இஞ்ச பாருங்க" என்றேன். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். காகிதம் நைந்தது.

"அழுக்கு" என்றார்.

"அழுக்கு இல்ல அப்பா, எழுத்தாக்கும்."

"அழுக்குன்னு சொன்னேன். அடுப்புல போடு."

ஆனால் அடுத்து வந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. இளகுகிறார் என்று நினைக்கிறேன். இனி நீ எழுதுவது எதுவும் வீணாகாது, ஒவ்வொரு எழுத்தும் படிக்கப்படும். மனதில் உள்ளதையெல்லாம் எழுது.

தள்ளி வைக்கும் பேச்சு வேண்டாம். ஒன்பது வருடம் தள்ளி வைத்தாயிற்று, உனக்காக. ஜூன் என்றால் ஜூன்.

ஜெஸ்னா


கேல்,
21 மார்ச் 2024

அன்புள்ள ஜெஸ்னா,

அவர் இளகுகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை பிபினுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். டிக்கெட் எடுத்துவிட்டோம். மே 7, செவ்வாய்க்கிழமை காலை திருவனந்தபுரம். பத்து மணிக்குள் கொல்லயிலுக்கு வந்துவிடுவேன். டீனாவுக்கு "தாத்தா, ஸ்தோத்திரம்" சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

இன்று அப்பாவுக்குப் போகும் கவரில் ஒரு பெரிய ஸ்டாம்புக்குப் பதில் நான்கு சின்னது ஒட்டியிருக்கிறேன். ஓவியர் ஒருவர் வரைந்த பெண்களின் முகங்கள். நான்கு என்றால் எழுத இடம் அதிகம்.

உன் விஷயத்தில் உன் இஷ்டம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன். அது உனக்கே தெரியும்.

உன் அக்கா
ரெஜிலா


கொல்லயில்,
1 மே 2024

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. முக்கில் கடை வைத்திருக்கும் பொன்னப்பன் அண்ணனிடம் கொடுத்து, நீ காரை விட்டு இறங்கும்போது தரச் சொல்லியிருக்கிறேன். அவர் கடை வாசலிலேயே நின்று படித்துவிடு. வீட்டுக்குள் போய்ப் படிக்காதே.

உன்னிடம் ஒரு பாதி சொன்னேன், ஒரு பாதி சொல்லவில்லை. பென்சில் எழுத்தை அடுப்பில் போடச் சொன்ன அன்றே அப்பா பேசினை என் பக்கம் தள்ளினார். "இனி நீ எடு. ஸ்டாம்பை மட்டும் எனக்குத் தந்தாப் போதும்." அன்றிலிருந்து கவரை முக்கியதும் நான், ஸ்டாம்பைக் கழற்றியதும் நான். ஒவ்வொரு எழுத்தும் படிக்கப்படும் என்று எழுதினேன். படித்தேன். யார் படிப்பார்கள் என்று நீ கேட்கவில்லை.

கடிதத்தோடு குத்தூசியில் கோத்திருக்கும் காகிதத் துண்டுகள் உன்னுடையவை. அடுப்பில் போடவில்லை, காய வைத்தேன். முதல் சில நன்றாகவே இருந்தன. "அப்பா, அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா?" கேட்டாள், அக்கா. உன்னை மட்டும்தான் கேட்டாள், பக்கத்தில் இருந்த என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதை உனக்கு எழுத வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி நான்கு முகங்கள் வந்தன.

முதல் முகத்துக்கு அடியில்: ஜெஸ்னாவைக் கவனியுங்கள்.
இரண்டாவது: பூவாரில் ஷாஜி என்று ஒருவன், படகுக்காரன்.
மூன்றாவது: ஜூனில் ரிஜிஸ்டர் செய்யப் போகிறாள்.
நான்காவது: நான் வந்து தடுக்கிறேன். கதவைத் திறந்து வையுங்கள்.

பேசினில் நான்கு பெண்களும் மிதந்துகொண்டிருந்தார்கள். ஒரு கன்னத்தின் நிழலுக்குச் செதுக்கியவன் எத்தனை கோடு போட்டிருக்கிறான் என்று எண்ணினேன், நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. அன்று உன் மூச்சு விடாத கடிதமும் அச்சகத்துக்கு வந்திருந்தது. ஒரே நாளில் எழுதியிருக்கிறாய். எதை முதலில் எழுதினாய் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

மறுநாளே நெய்யாற்றின்கரை பதிவு அலுவலகத்தில் திருமண நோட்டீஸ் கொடுத்தோம். முப்பது நாள் எங்கள் பெயர்கள் அங்குள்ள பலகையில் தொங்கின, ஒருவரும் படிக்கவில்லை. நாளைக் காலை திருமணம். அங்கிருந்து நேரே பூவார். அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக்கொள்ளத் தெரியும். ஐந்து நாள்தானே, பிறகு நீ வந்துவிடுவாய். நீ வருவதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமிருந்து அவருக்குப் போய்ச் சேர்ந்தது எப்போதும் ஸ்டாம்பு மட்டும்தான்.

போகுமுன் நானும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில், உன் நான்கு முகங்களுக்கு அடியில். "அப்பா, நான் ஷாஜியோடு போகிறேன். ஆளைக் காட்டியது அக்கா. பேசி முடித்தது பிபின் அத்தான். எனக்குத் தைரியம் சொன்னது அக்கா. உங்களைத் தனியாக்க அவள் ஒன்பது வருடமாகக் காத்திருந்தாள்."

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். நீ செவ்வாய்க்கிழமை வருகிறாய்.

ஜெஸ்னா


கொல்லயில்,
10 மே 2024

பூவாரில் இருப்பவளுக்கு,

பொன்னப்பன் அண்ணன் கடை வாசலில் படித்தேன். டீனா மிட்டாய் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். பிறகு நடந்தோம்.

கதவு திறந்துதான் கிடந்தது. அப்பா உள் நடையில் நாற்காலியில் இருந்தார். காலடி கேட்டு எழுந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார், நீ எழுதியிருந்தாயே, சுவரிடம் பேசுகிற மாதிரி.

"ஜெஸ்னாவா? எங்க போனே பிள்ளே? அஞ்சு நாளாச்சு."

நான் வாசலில் வெயிலுக்கு நேரே நின்றேன். பத்தடி தூரம் இல்லை. ஒன்பது வருடமாக முதியவர்களின் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், ஜெஸ்னா. அப்படி முகம் திருப்புகிறவர்கள் என் வார்டில் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள். கண்ணின் நடுப்பார்வை செத்தவர்கள். ஓரம் மட்டும் தெரியும். நடப்பார்கள், வாசற்படி தாண்டுவார்கள், பழகின பாதையில் சர்ச்சுக்குப் போய் வருவார்கள். முகம் தெரியாது. எழுத்து தெரியாது. நேராகப் பார்த்தால் நடுவில் ஓர் ஓட்டை. அதனால்தான் பக்கவாட்டில் பார்ப்பார்கள். நீ வெறுப்பு என்று எழுதிய அந்தத் திருப்பல் அதுதான்.

கண்ணுக்கு முன்னால் விரல் காட்டிக் கேட்டேன். "எத்தனை?" என்றேன். "உனக்கு என்ன கிறுக்கா?" என்றார். எண்ணிக்கை சொல்லவில்லை. கண் போய் மூன்று வருடமாவது ஆகியிருக்கும். அவர் என் கடிதத்தைப் படிக்காதது படிக்க முடியாததால். உன்னைப் படிக்கச் சொன்னால் கண் போனது உனக்குத் தெரிந்துவிடும். தண்ணீரில் முக்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. செதுக்கிய ஸ்டாம்பில் மை மேடாக நிற்கும், கோடு விரலில் தட்டும். வழவழப்பானது செத்தது. நீ கூடவே இருந்தாய், வயிறு எரிந்தாய். நான் நர்ஸ். விரலால் தடவுகிறார் என்று நீ எழுதியதைப் படித்தேன், ஏன் என்று ஒரு வரி கேட்கவில்லை.

முதல் ஆறு வருடத்தை இதில் சேர்க்கவில்லை. அப்போது கண் இருந்தது, படிக்கவில்லை. அதையும் மறந்துவிடாதே.

அவருக்குக் கஞ்சி வைக்கத் தெரியும் என்று எழுதினாய். வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறார். வலது கையின் மூன்று விரல் நுனிகளும் வெந்து தோல் உரிந்திருக்கின்றன. நான் வரும்போது சீழ் வைத்திருந்தது. பிறகு நான்கு நாள் அவலும் தண்ணீரும்.

"அப்பா, நான் ரெஜிலா" என்றேன். டீனா, "தாத்தா, ஸ்தோத்திரம்" என்றாள்.

நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். என் குரல் அவருக்குத் தெரியாமல் இல்லை. பிறகு சொன்னார்: "ரெஜிலா இந்த வீட்டுப் படி ஏறமாட்டா. நான் உசிரோட இருக்கிற வரை ஏறமாட்டா. நீ ஜெஸ்னா ஆக்கும். போய் கஞ்சி வை."

"இது யாரு அப்பா, தெரியுதா?" என்று டீனாவை முன்னால் விட்டேன்.

"அடுத்த வீட்டுப் பிள்ளையா இருக்கும். கஞ்சி குடிச்சிட்டுப் போகட்டும்."

டீனா என்னைப் பார்த்தாள். கஞ்சி வைத்தேன்.

மூன்று நாளாக என்னை ஜெஸ்னா என்று கூப்பிடுகிறார். திரும்பிப் பார்க்கிறேன். நேற்று ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். விரலில் கட்டு. "இந்தக் கையில வரி கிட்டல்ல மக்கா. நீ தொட்டுச் சொல்லு. இதெல்லாம் உனக்க அக்கா அனுப்பினது. அங்க கோபுரம் எத்தனை அடுக்கு, சொல்லு." சொன்னேன். தூண், வளைவு, படி எல்லாம் சொன்னேன். நான் ஒட்டி அனுப்பியவற்றுக்கு அவர் எனக்கே அர்த்தம் சொன்னார். கடைசிப் பக்கம் வந்து முக ஸ்டாம்பைத் தூக்கியதும் நிறுத்திவிட்டேன்.

"என்ன நிறுத்தினே?"

"அடியில எழுத்து உண்டு."

"படி."

பொய் சொல்லியிருக்கலாம். அழுக்கு என்று அவர் சொன்னதையே நானும் சொல்லியிருக்கலாம். நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். உனக்கு நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும், மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். கேட்கவில்லை.

கேட்டு முடித்து அவர் என் தலையில் கை வைத்தார், கட்டுப் போட்ட கையை. "அவ தான் கெட்டதும் இல்லாம உன்னையும் கூட்டிட்டுப் போகப் பார்த்திருக்கா. நீ போகல்லியே மக்கா. இஞ்சதானே இருக்க. அது போதும்." பிறகு சொன்னார்: "அவளுக்கு ஒரு கடிதம் எழுது. இனி கவர் அனுப்பண்டாம். என் ரெண்டாவது மகளையாவது விட்டு வைக்கச் சொல்லு."

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பூவாருக்குப் போனவள்தான் அவருக்கு ரெஜிலா. உனக்கு அந்தப் பெயர் பழகிவிடும், எனக்கு உன் பெயர் பழகிற்று.

28ஆம் தேதி காலை பத்து மணிக்கு எனக்கு டாக்ஸி. பிபின் நேரே விமான நிலையத்துக்கு வந்துவிடுவார். சாவி பொன்னப்பன் அண்ணனிடம் இருக்கும். கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லிவிட்டார். விரலுக்குத் தினமும் மருந்து மாற்ற வேண்டும். அவர் இன்று கேட்டார், "இனி எங்கயும் போகமாட்டியே ஜெஸ்னா?" என்று.

"போகமாட்டேன் அப்பா" என்று சொல்லியிருக்கிறேன். உன் வாக்கு அது. 28ஆம் தேதி பதினோரு மணிக்கு இந்த வீட்டில் ஜெஸ்னா இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெஸ்னா